நெற்றி நடுவில் ஒரு நீலக்கோடு

ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில நான் இல்ல. தங்கச்சிய மட்டும் கேட்டதா சொல்லுங்க. ஆறாவது மாசம், மாடிப்படி அதிகம் ஏறி இறங்க விடாதீங்க. இத உங்க காலேஜ் விலாசத்துக்குத்தான் அனுப்பறேன். வீட்டுக்கு வந்தா அவ பிரிச்சிடுவா. போன்ல பேசினா எனக்குக் குரல் ஏறிடும், பக்கத்துல நிக்கிற அவளுக்குக் கேட்டுடும்.

நேத்து அவதான் போன் பண்ணினா. பெருமை தாங்கல பிள்ளைக்கு. அவ வீட்டுக்காரர் புது காலேஜ் கண்காட்சில ஒரு மண்டையோட நெத்தியெலும்ப வெக்கறாராம். பெரியவங்களோடதுதான், ஆனா ரெண்டு துண்டாம், பிறவியிலேயே அப்படியாம். நூத்துல ஏதோ ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் அமையுமாம். துறைத் தலைவரே வந்து பாத்துக் கை குடுத்தாராம். நான் எல்லாத்துக்கும் உம் கொட்டிட்டு, எங்கேருந்து வந்த மண்டைன்னு கேட்டேன். அவளுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை, அது என் மண்டை. அதாவது நான் பிரிச்ச மண்டை. பிப்ரவரி மாசம் நம்ம நர்ஸிங் ஸ்கூல் எலும்பு ரூம்ல, அடியில இருக்குற பெரிய ஓட்டை வழியா காஞ்ச பட்டாணிய ரொப்பி, துணிய வெச்சு அடைச்சு, வாளித் தண்ணில முக்கி வெச்சேன். எப்பவும் செய்யறதுதான். பட்டாணி ஊறி உப்பி உள்ளேருந்து தள்ளத் தள்ள, ஒவ்வொரு எலும்பும் அதது தையல்ல விட்டுப் பிரியும். பத்தொன்பது வருஷத்துல பதினோரு மண்டை பிரிச்சிருக்கேன், ஒரு கீறல் விழுந்ததில்ல. நெத்தி எப்பவும் ஒரே ஓடா கழண்டு வரும். அன்னைக்கு மட்டும் நடுவுல நேரா ரெண்டா வந்துச்சு. ஸ்கூல் ஆரம்பிச்ச வருஷம் வாங்கின மண்டை அது. முதல்வரம்மா கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஓரம் பல்லு பல்லா இருக்கு, உடைஞ்சா இப்படி இருக்காதுன்னு நான் சொன்னேன். அவங்க படிச்சவர் முகத்தத்தான பாப்பாங்க, உங்களக் கேட்டாங்க. நீங்க ரெஜிஸ்டர்ல எழுதினீங்க: "பிரிக்கும்போது நெற்றியெலும்பு இரண்டாக உடைந்தது."

அந்த ஒரு வரிக்காக மூணு மாசமா நான் சலவை ரூம்ல படுக்கை விரிப்பு மடிச்சிட்டிருக்கேன். நீங்க அந்த ரெண்டு துண்டையும் ஆராய்ச்சிக்குன்னு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டு புது காலேஜ் வேலைக்குப் போயிட்டீங்க. உடைஞ்ச சாமான்தானேன்னு முதல்வரம்மாவும் குடுத்துட்டாங்க.

அங்க பிறவி, இங்க உடைஞ்சதா? முப்பதாம் தேதி எலும்பு ரூமுக்கு நிரந்தரமா வேற ஆளப் போடறாங்க. அதுக்குள்ள முதல்வரம்மாவுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்க, போதும்.

உங்கள்
மச்சான்

~

ஜூன் 7

அன்புள்ள மச்சானுக்கு,

உங்க கடிதம் கிடைச்சது. உங்க தங்கச்சி நல்லா இருக்கா. மாடிப்படி விஷயத்துல நான் சொன்னா கேக்கறதில்ல. அண்ணன் சொல்லச் சொன்னாருன்னதும் ரெண்டு நாளா கீழேயே உக்காந்திருக்கா.

நீங்க நினைக்கிற மாதிரி நான் வேணும்னு எதையும் மறைக்கல. விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. கரு எட்டு வாரம் ஆகும்போது, வலப் புருவம் வர்ற இடத்துல ஒண்ணு, இடப் புருவம் வர்ற இடத்துல ஒண்ணுன்னு ரெண்டு புள்ளியில எலும்பு துளிர்க்கும். கை கால் எலும்பு மாதிரி முதல்ல குருத்தெலும்பா இருந்துட்டு மாறுறதில்ல. மெல்லிசான சவ்வுலேயே நேரா படிஞ்சு, மேலயும் பக்கவாட்டுலயும் விரியும். அதனால பிறக்குற ஒவ்வொரு குழந்தைக்கும் நெத்தி ரெண்டு துண்டுதான், நடுவுல ஒரு தையல். தலை சுருங்கி வெளிய வர்றதுக்கும், மூளை வளர்றதுக்கும் அது வேணும். முதல் வருஷத்துலேயே மூட ஆரம்பிச்சு, கொஞ்ச வருஷத்துல சுவடு தெரியாமப் போயிடும். சிலருக்கு மட்டும் சாகற வரைக்கும் மூடாது. அது நோயில்ல, குறையில்ல. அந்த ஆளுக்கே தெரியாது.

இந்த மண்டை அந்த ரகம்னு இங்க வந்து லென்ஸ் வெச்சுப் பாத்த பிறகுதான் உறுதியாச்சு. அன்னைக்கு இருந்த பதட்டத்துல எழுதின வரி அது. இப்ப உடனே மாத்தி எழுதினா, உடைஞ்சதுன்னு சொன்னவனும் நீதான், பிறவின்னு சொல்றவனும் நீதானான்னு ரெண்டு பக்கமும் கேப்பாங்க. இங்க எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. ஆகஸ்ட்ல கண்காட்சி முடியட்டும், பக்குவமா எடுத்துச் சொல்றேன்.

ஒண்ணு கேட்டா கோபப்படக் கூடாது. பிரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தையல் மேலயும் பென்சில் ஓட்டி நம்பர் போடறது உங்க வழக்கம். நெத்தியப் பாத்தீங்களா? மாப்பிள்ளை எலும்பே என்கிட்டதான் கத்துக்கிட்டாருன்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்வீங்களாமே. அப்படின்னா நீங்களே கண்டுபிடிச்சிருக்கலாமே.

அன்புடன்
மாப்பிள்ளை

~

ஜூன் 11

மாப்பிள்ளைக்கு,

பாடம் நல்லா இருந்துச்சு. சலவை ரூம்ல இஸ்திரி போடற அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "நமக்கெல்லாம் நெத்தி ரெண்டாத்தான் இருந்துச்சா"ன்னு தடவிப் பாத்துக்கிட்டாங்க. நீங்க பாடம் எடுக்கறதுல குறை சொல்ல முடியாது. விஷயத்தச் சொல்லாம நாலு பக்கம் எழுதறதுலயும் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட்ல பக்குவமா சொல்வீங்களா? ஜூன் முப்பதுக்கு அப்புறம் யாருக்கு வேணும் உங்க பக்குவம்?

வயிறு எரியுது மாப்பிள்ளை, மறைக்க மாட்டேன். ஆறு வருஷம் முன்னாடி நீங்க வந்தப்ப கன்னத்தெலும்புல வலது எது இடது எதுன்னு தெரியாம முழிச்சீங்க. மண்டையக் கண்ணுக்குழில விரல் விட்டுத் தூக்காதடா, ரெண்டு கையாலயும் ஏந்துடான்னு சொன்னது நான். அப்ப நாம வாடா போடா. அப்புறம் தங்கச்சியக் குடுத்தேன், நீங்க "நீங்க" ஆயிட்டீங்க. சரி, முறைன்னு ஒண்ணு இருக்கு. ஆனா நீங்க வீட்டுக்கு வந்தா என்னப் பெத்த அம்மா ஃபேன உங்க பக்கமா திருப்பறாங்க. எலும்பப் பத்தி ஏதாவது சந்தேகம் வந்தா, பக்கத்துல நான் உக்காந்திருக்க, மாப்பிள்ளையக் கேளுன்றாங்க. நான் பிரிச்ச மண்டைக்கு உங்களுக்குக் கை குடுக்கறாங்க. எனக்கு வேர்க்குது.

பென்சில்னு நீங்களே வாயக் குடுத்தீங்க, அதனால சொல்றேன். ஒரு வாரமா மனசுல கிடந்து உறுத்துது.

என் பென்சில் கருப்பு. ஆசாரிங்க காதுல சொருகற தட்டைப் பென்சில். ஊற வெக்கறதுக்கு முன்னாடி அந்த மண்டையக் கழுவினப்ப, நெத்தி நடுவுல, மூக்கு மேட்டுலேருந்து உச்சி வரைக்கும் சன்னமா ஒரு கோடு இருந்துச்சு. நீலக் கோடு. பிள்ளைங்க கிறுக்கியிருப்பாங்கன்னு ஈரத் துணியால துடைச்சுட்டேன்.

முந்தின நாள் அந்த மண்டைய வெச்சு வகுப்பு எடுத்தது நீங்க. நம்ம ஸ்கூல்ல நீலப் பென்சில் யார் சட்டைப் பையில இருக்கும்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

கிறுக்கற பிள்ளைங்க மீசை போடும், கண்ணாடி போடும். தையல் மேல பிசகாம கோடு இழுக்காது. அங்க போய் லென்ஸ் வெச்சுப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. நான் ஊற வெக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கருப்பையிலேருந்து ஆரம்பிக்க வேணாம்.

மச்சான்

~

ஜூன் 17

மச்சான்,

தெரியும்.

வகுப்புல மண்டையக் கையில வெச்சுப் பேசிட்டிருந்தேன். கட்டை விரல் நெத்தி நடுவுல போனப்ப நகத்துல ஏதோ தட்டுச்சு. ஜன்னல் கிட்ட கொண்டுபோய்ப் பாத்தேன். சன்னமா வளைஞ்சு வளைஞ்சு ஒரு தையல். அதுவரைக்கும் புத்தகத்துல படம் பாத்ததோட சரி. சந்தோஷத்துல அதுமேலேயே நீலப் பென்சில ஓட்டினேன். வகுப்பு முடிஞ்சதும் முதல்ல உங்ககிட்ட காட்டணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். சத்தியமா.

எலும்பு ரூம் வாசல்ல என் வகுப்புப் பிள்ளைங்க ஏழெட்டு பேர் உங்களச் சுத்தி நின்னாங்க. பட்டாணி அண்ணே, பட்டாணி அண்ணேன்னு ஒரே சிரிப்பு. காதெலும்பப் பத்தி நான் முக்கால் மணி நேரம் சொன்னத, நீங்க ஒரு தீப்பெட்டிய வெச்சு ரெண்டு நிமிஷத்துல புரிய வெச்சுட்டிருந்தீங்க. ஒரு பொண்ணு, "சார் சொன்னப்ப தலையும் புரியல வாலும் புரியல அண்ணே"ன்னா. நான் பின்னாடி நின்னது அவளுக்குத் தெரியாது.

ஆறு வருஷத்துல எனக்கு ஒரு பட்டப்பேர்கூட யாரும் வெக்கல, மச்சான். பிடிக்காதவனுக்குக்கூட வெப்பாங்க. வீட்டுக்குப் போனா உங்க தங்கச்சி. நான் என்ன சொன்னாலும், "எதுக்கும் அண்ணன ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க." உங்க அம்மா ஃபேன் திருப்பறது உங்களுக்குத் தெரியுது. சாப்பிடும்போது நல்ல மீன் துண்டு யார் தட்டுல விழுதுன்னு நான் பாத்துட்டுதான் உக்காந்திருப்பேன்.

மண்டைய மேசையில வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். கோட்டப் பாத்தா அவரே கேப்பாரு, கேட்டா சொல்லலாம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். உள்ளுக்குள்ள வேற ஒண்ணும் இருந்துச்சு. ஒரு தடவையாவது உங்க கை தவறினதா எல்லாரும் பாக்கணும்னு இருந்துச்சு. முதல்வரம்மா உடைஞ்சதான்னு கேட்டப்ப, உங்க முகத்தப் பாக்காமலே எழுதினேன். அவ்வளவு சுலபமா கை போச்சு.

இதோட ஒரு கவர் வெச்சிருக்கேன், ஒட்டல. முதல்வரம்மாவுக்கு எல்லாத்தையும் எழுதியிருக்கேன், கோடு உட்பட. அத அவங்க என் துறைத் தலைவருக்கு அனுப்பினா கண்காட்சி போயிடும். வேலையும் போகலாம். செப்டம்பர்ல குழந்தை பிறக்குது. கவர் இப்ப உங்க கையில. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நீங்க என்ன செஞ்சாலும் நான் ஏத்துக்கறேன்.

மாப்பிள்ளை

~

ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

கவரத் திருப்பி அனுப்பியிருக்கேன். சந்தோஷப்படாதீங்க, மன்னிச்சு அனுப்பல.

எவ்வளவு சாமர்த்தியம்! தப்பு உங்களோடது, அதத் தூக்கி என் தலையில கட்டறீங்க. நான் குடுத்தா, தங்கச்சி வயித்துல பிள்ளை இருக்கும்போது அவ புருஷன் வேலையப் பறிச்ச அண்ணன் நான். குடுக்கலன்னா பெரிய மனசுக்காரன், ஆயுசு பூரா விரிப்பு மடிச்சுட்டு இருக்கலாம். ரெண்டுலயும் நீங்க கையக் கழுவியாச்சு. எழுதினது உங்க கைதான? தபால் பெட்டி வரைக்கும் அந்தக் கை நீளாதா? போடறதுன்னா நீங்க போடுங்க. முப்பதாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு.

நீங்க ஒண்ண ஒத்துக்கிட்டதால நானும் ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டாலும் யாருக்கும் தெரியப் போறதில்ல. அதனாலதான் சொல்றேன்.

பிள்ளைங்க கிறுக்கல்னு நினைச்சு துடைச்சேன்னு எழுதினேன்ல, அது பொய். பாத்த உடனே உங்க கோடுன்னு தெரிஞ்சுது. அந்த நீலம் தெரியாதா எனக்கு? எதுக்கு இங்க போட்டிருக்காருன்னு ஒரு நிமிஷம் கையில வெச்சுட்டு நின்னேன். அடுத்த ரூம்லதான் இருந்தீங்க. கதவத் தட்டி, மாப்பிள்ளை இது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சது. என் மேசைக்கு வந்த மண்டையில இவர் எதுக்குக் கோடு போடறாரு, எங்க பிரிக்கணும்னு எனக்கே படம் போட்டுக் காட்டறாரான்னு தோணுச்சு. துணிய நனைச்சு அழுத்தித் துடைச்சேன். துடைக்கறப்ப நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். அந்தக் கோட்டுக்கு அடியில ஒரு தடவ நகத்த ஓட்டியிருந்தாகூடத் தட்டுப்பட்டிருக்கும். உங்க கோடுன்ற வீம்புல அதுகூடச் செய்யல.

மூணு மாசமா உங்களயே திட்டிட்டிருந்ததுல இது எனக்கே மறந்து போச்சு. மறந்து போனதா வெச்சுக்கிட்டேன்.

ஆனா ரெஜிஸ்டர்ல எழுதினது நீங்க. அது உங்க கணக்கு, நீங்கதான் நேராக்கணும்.

மச்சான்

~

ஜூன் 25

மச்சான்,

நேத்து எழுதின கவர இன்னைக்குக் காலைல தபால்ல போட்டுட்டேன். பழையத கிழிச்சுட்டு வேற எழுதினேன். முதல் கடிதத்துல "பதட்டத்தில்"னு ஒரு வார்த்தை இருந்துச்சு. இதுல இல்ல. பொறாமையிலன்னு எழுதியிருக்கேன். எழுதும்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி கூச்சமா இருந்துச்சு. நீங்க துடைச்சத நான் எழுதல. அது நமக்குள்ள இருக்கட்டும்.

துறைத் தலைவர்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லிட்டேன். அந்த எலும்பு கண்காட்சில இருக்காது, எடுத்த இடத்துக்கே அனுப்புன்னாரு. வேலை நிரந்தரம் ஆறு மாசம் தள்ளிப் போச்சு. போகல, தள்ளித்தான் போச்சு.

உங்க தங்கச்சிகிட்டயும் சொன்னேன். முழுசா கேட்டா. எழுந்து மாடிக்குப் போயிட்டா. போக வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. மூணு நாளா தட்டு வெக்கற சத்தம்தான் பேச்சு.

எலும்பு பெட்டியில வருது. பஞ்சு நிறைய வெச்சிருக்கேன். ரெண்டு கையாலயும் ஏந்தித்தான் வெச்சேன்.

மாப்பிள்ளை

~

ஜூலை 4

மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்துச்சு. ஓரத்துல ஒரு பல்லுகூட உடையல.

இருபத்தொன்பதாம் தேதி முதல்வரம்மா கூப்பிட்டாங்க. உங்க கடிதம் அவங்க மேசையில இருந்துச்சு. மூக்குக் கண்ணாடியக் கழட்டி வெச்சாங்க. ஓரம் பல்லா இருக்குன்னு நீ அன்னைக்கே சொன்னேப்பா, நான்தான் கேக்கலன்னாங்க. ரெஜிஸ்டர எடுத்து உங்க வரிய அடிச்சுட்டு, கீழ அவங்க கையாலயே எழுதினாங்க: "உடையவில்லை. பிறவித் தையல். முறையாகப் பிரிக்கப்பட்டது." சாவியக் குடுத்தாங்க. புதுசா வர இருந்த ஆள சலவை ரூமுக்குப் போட்டுட்டாங்க, பாவம். இஸ்திரி அம்மாவுக்குத்தான் வருத்தம், இனி யாரு மண்டைக் கதை சொல்வாங்கன்னு.

அங்கேயே நான் துடைச்சதையும் சொல்லிட்டேன். நமக்குள்ள இருக்கட்டும்னு நீங்க எழுதினது எனக்குப் பிடிக்கல. பெருந்தன்மையிலயும் நீங்கதான் முதல்ல நிக்கணுமா? முதல்வரம்மா சிரிச்சுட்டாங்க. ரெண்டு பேரையும் பெஞ்சு மேல ஏத்தணும்னாங்க.

எலும்பு ரூம் தூசி படிஞ்சு கிடந்துச்சு. துடைச்சுட்டு, ரெண்டு துண்டையும் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். நகர்த்தி நகர்த்திச் சேத்தேன். ஒரு இடத்துல பல்லுக்குப் பல்லு கவ்விக்கிச்சு. கைய எடுத்தப்புறமும் விழல. பத்தொன்பது வருஷத்துல நான் பாத்ததுலேயே அழகான எலும்பு அதுதான், அத நீங்க முதல்ல பாத்துட்டீங்க. இத எழுதறப்பவும் வயிறு எரியுது. எரிஞ்சுட்டுப் போகட்டும். பசை போடல. பிரிச்சுச் சேத்துப் பிள்ளைங்க பாக்கற மாதிரி வெச்சிருக்கேன். நடுவுல கோடு மட்டும் வேணும். என் கருப்பு அந்த மஞ்சள் எலும்பு மேல எடுப்பா தெரியல.

நேத்து தங்கச்சி போன் பண்ணினா. உன் மாப்பிள்ளைய என்ன பண்ணலாம்னு கேட்டா. ரெண்டு நாள் கழிச்சுப் பேசு, அதுவரைக்கும் மாடியிலேருந்து இறங்குன்னேன். எனக்காகப் பட்டினி போட்டுடாதன்னும் சொல்லியிருக்கேன். இப்ப பேசறாளா?

கடைசியா ஒண்ணு, இத முறைப்படிக் கடிதத்துல எழுதி வெக்கறேன், அப்புறம் இல்லன்னு சொல்லக் கூடாது. செப்டம்பர்ல பிள்ளை பிறந்ததும் அந்த நெத்தி ரெண்டு துண்டாத்தான் இருக்கும். மூடறதுக்கு முன்னாடி அந்தத் தையல முதல்ல தொட்டுப் பாக்கப் போறது நான். நான்தான் மாமன். பெத்தவனா இருந்தாலும் நீ ரெண்டாவதுதான்.

நீலப் பென்சில் எடுத்துட்டு வாடா. பிள்ளை நெத்திக்கு இல்ல, இந்த எலும்புக்கு. நான் நகத்த ஓட்டிக் காட்டறேன், நீ கோடு போடு.

மச்சான்